முன்பக்கம் மட்டும் எடுத்த படம்

பெர்மாஸ் ஜெயா,
செவ்வாய்க்கிழமை, பகல்

அன்புள்ள பிரேமாவுக்கு,

நானும் பிள்ளை சாந்தினியும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்தக் குளிரில் அப்படியே இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் நான் உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு என்ன வந்தது என்று நினைப்பாய். என் போன் பாதி நேரம் சாந்தினி கையில்தான் இருக்கிறது, நான் அனுப்புவதை எல்லாம் அவள் படித்துவிடுகிறாள். வீடியோவில் பேசினால் பக்கத்திலேயே நிற்கிறாள். இதுவோ அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முதியோர் இல்லத்தின் அந்தப் புதிய இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைக் கடைசி வரைக்கும் படித்துவிடு. மாதக் கடைசிக்குள் போட்டால் போதும் என்று சொன்னாய். பக்கத்து வீட்டு இன்பராணி அக்காவின் மகன் மார்கஸ் வியாழக்கிழமை நீ இருக்கும் நாட்டுக்கு விமானம் ஏறுகிறான். ஞாயிற்றுக்கிழமை ரயில் பிடித்து வந்து உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். அதனால் நாள் இருக்கிறது.

முதலில் அவனிடம் கொடுத்தனுப்பும் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும். மைலோ டின்னில் இருப்பது நெத்திலிச் சம்பல். தண்ணீர் ஒரு சொட்டுகூட இல்லாமல் வதக்கியிருக்கிறேன், ஈரக் கரண்டி போடாதே. சிவப்பு மூடி டப்பாவில் கறித்தூள், நானே வறுத்து அரைக்கக் கொடுத்தது. மோர் மிளகாய் வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே காய்ந்தது. வீட்டு வாசலில் போட்டால் மழை வந்து கெடுக்கிறது, வேனுக்குள் அடிக்கிற வெயில் மாடியில்கூட அடிக்காது. நாலு நாள் என் வேனில் வரும் தொழிற்சாலைப் பிள்ளைகள் எல்லாம் தும்மிக்கொண்டே வேலைக்குப் போனார்கள். அடியில் மடித்து வைத்திருக்கும் இரண்டு கால்மிதியும் என் கைவேலை. பழைய சட்டைகளைக் கீறி, பின்னல் போட்டு, சுற்றித் தைத்தது. காலையில் உலு திராமில் ஆள் ஏற்றிப் பாசீர் கூடாங்கில் இறக்கிவிட்டால், சாயங்காலம் ஐந்து வரைக்கும் எனக்கு வேறு என்ன வேலை? வேனில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பேன். வீட்டில் ஏற்கெனவே ஆறு கால்மிதி கிடக்கிறது. என்னோடு வேன் ஓட்டும் ஜெயபாலன், வீட்டில் ஏதும் விசேஷமா, தொட்டிலுக்கு மெத்தை பின்னுகிறாயா என்று கேலி செய்கிறான். கை சும்மா இருந்தால் மனம் எங்கெங்கோ போகிறது, அதனால் பின்னுகிறேன்.

சாப்பாட்டைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். ஒரு டின் சார்டின் மீனை இரண்டு நாளைக்குக் கொண்டுபோகக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் வெங்காயமும் புளியும் நிறையப் போட்டு, முட்டை உடைத்து ஊற்றிக் குழம்பு. மறுநாள் அடியில் ஒட்டியிருப்பதில் பழைய சோற்றைப் போட்டுப் பிரட்டினால் சாந்தினி தட்டை வழித்துச் சாப்பிடுகிறாள். தர்பூசணித் தோலை வெள்ளைப் பக்கம் மட்டும் நறுக்கிப் பருப்போடு கூட்டு வைக்கிறேன். சந்தையில் கோழிக் கடைக்காரர் எலும்பு தனியாக எடுத்து வைக்கிறார், அதில் மிளகு தட்டிப் போட்டால் சளிக்கு மருந்தே வேண்டாம். குளிர்பெட்டியில் நீ ஒட்டிவிட்டுப் போன தாளில் இருந்ததை எல்லாம் செய்து முடித்து, இப்போது நானே கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன். உப்புதான் இன்னும் கைக்கு வரவில்லை. ஒருநாள் கடல் தண்ணீரையே ஊற்றிவிட்டதாகச் சாந்தினி சொன்னாள்.

இதை எல்லாம் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதே. சமையலும் துணி துவைப்பதும் முதுகு வலியோடு செய்துவிடலாம், பிரேமா. எனக்குச் செய்ய முடியாதது வேறு.

அவளுடைய பிறந்தநாளுக்கு நீ நூலில் பின்னி அனுப்பிய நீலச் சட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதைப் போட்டு எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, என் கைக்கு என் பிள்ளையின் அளவு மறக்கவில்லை பார்த்தீர்களா என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்தச் சட்டை அவளுக்குச் சேரவில்லை. நீ போகும்போது எடுத்துக்கொண்டு போன அளவு பதினொரு வயது அளவு. வீடியோவில் உனக்குத் தெரிவது கழுத்துக்கு மேலே மட்டும்தானே, உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. கை நுழைந்தது, முதுகில் பொத்தான் போடும் இடம் ஒரு சாண் சேரவில்லை. இரண்டு பக்கமும் கயிறு கோத்து, ஐந்து ஊக்கு குத்தி நிறுத்திவிட்டு, திரும்பாமல் நில் என்று சொல்லி முன்பக்கம் மட்டும் எடுத்த படம் அது. அப்படிச் செய்யச் சொன்னது நான் இல்லை, அவள். அம்மா ராத்திரி ராத்திரியாகப் பின்னியது, சேரவில்லை என்று சொல்ல வேண்டாம் என்றாள். படம் எடுத்து முடித்ததும் ஊக்கை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை மடித்து உன் சேலைகளோடு வைத்துவிட்டாள்.

உன் பிள்ளை வளர்ந்துவிட்டாள். இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் மோர் மிளகாயையும் சார்டினையும் எழுதிக்கொண்டிருந்தேன்.

செனாய் விமான நிலையத்தில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாய். பிள்ளை பெரியவளானால் அந்த நிமிஷமே கூப்பிட வேண்டும், எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு அடுத்த விமானத்தில் வந்துவிடுவேன் என்றாய். நானும் சத்தியம் செய்தேன். மூன்று மாதம் ஆகிவிட்டது, பிரேமா. நான் கூப்பிடவில்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை. பள்ளியில் பழைய பொருளில் ஏதாவது செய்துவரச் சொல்லியிருந்தார்கள் என்று, சீனப் பெருநாளுக்குப் பணம் வைத்து வந்த சிவப்பு அங்பாவ் உறைகளை மடித்து நானும் அவளும் விளக்குக் கூண்டு ஒட்டிக்கொண்டிருந்தோம். நடுவில் எழுந்து குளியலறைக்குப் போனவள், வெகுநேரம் கழித்து வந்து, நேரே இன்பராணி அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கூண்டு கோணலாக ஒட்டியதற்குத் திட்டினேன், அதற்குத்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அக்கா வந்து வாசலிலேயே நின்று, "தம்பி, கொஞ்சம் கடைப்பக்கம் போய்ட்டு வாங்க. அப்படியே நல்லெண்ணெய் ஒரு போத்தல் வாங்கிட்டு வாங்க" என்றார். நல்லெண்ணெய் என்றதும்தான் எனக்குப் புரிந்தது. கடையில் போய் எண்ணெயை எடுத்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றேன். அப்போதே உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். போனை வெளியே எடுத்தேன், அங்கே விடியவில்லையே, வேலை முடிந்து இப்போதுதான் படுத்திருப்பாயே என்று உள்ளே வைத்துவிட்டேன்.

தோசைக்கு ஊறப்போட்ட உளுந்து இருந்தது. அதை அரைத்து, குலா மெலாக்கா வெல்லத்தைக் கரைத்து ஊற்றிக் களி கிளறினேன். முதல் சட்டி கட்டி தட்டிவிட்டது. இரண்டாவது சட்டி அடிப்பிடித்தது. மூன்றாவதை அவள் சாப்பிட்டாள், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள். இன்பராணி அக்கா மாதா கோயிலுக்குப் போகிறவர், ஆனால் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் ஆயிற்றே, நம் முறை எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. மஞ்சள் தண்ணீர் அவர்தான் ஊற்றினார். யாரையும் அழைக்கவில்லை. உன் பச்சைச் சேலையை எடுத்துக் கட்டிவிட்டு, என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். விபூதி பூசிவிட்டேன். உன் பிள்ளை எவ்வளவு அழகாக இருந்தாள் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. படம்கூட எடுக்கவில்லை, அவள் எடுக்க விடவில்லை. நீ பார்க்க வேண்டியதை நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேனே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் உன்னிடம் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா. சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு வந்துடுவாங்க. அப்புறம் என்னாலதான் அம்மா வேலை போச்சுன்னு தனலெட்சுமி அத்தை சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

என் தங்கை தனலெட்சுமி தீபாவளிக்கு வந்தபோது, பொம்பளைப் பிள்ளையை வைத்துக்கொண்டு அண்ணி அங்கே போய் உட்கார்ந்திருக்கலாமா என்று ஏதோ சொல்லியிருக்கிறாள். அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்கவில்லை, பிள்ளைக்குக் கேட்டிருக்கிறது. தங்கையைக் கூப்பிட்டு நன்றாகக் கேட்டுவிட்டேன், அது வேறு கதை. ஆனால் காதில் விழுந்தது விழுந்ததுதான். பதின்மூன்று வயதுப் பிள்ளை, தன்னால் அம்மாவுக்குக் கெட்ட பேர் வரக்கூடாது என்று மூன்று மாதமாக என்னிடம்கூட வாயைத் திறக்காமல் இருக்கிறாள். வயிறு வலித்தால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்கிறாள். என்னம்மா என்றால் தலைவலி என்கிறாள். சுடுதண்ணீர் வைத்துக் கொடுப்பேன். அதற்கு மேல் ஒரு அப்பன் என்ன கேட்பான், எப்படிக் கேட்பான்?

உள்ளாடை வாங்க ஜொகூர் பாருவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பக்கம் அவள் போக, நான் சட்டிபானை இருக்கும் பக்கம் நின்றேன். வெறுங்கையோடு திரும்பி வந்து, ஒன்றும் பிடிக்கவில்லை என்றாள். பிறகு அதையும் இன்பராணி அக்காதான் வாங்கி வந்தார். எல்லாவற்றுக்கும் அவர்தான். அவரும் வருஷக் கடைசியில் மகள் நிக்கோலுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கக் கோலாலம்பூர் போகிறார். அங்கேயே தங்கிவிடுவதாகப் பேச்சு. அதற்குப் பிறகு சாந்தினி எந்த வீட்டுக் கதவைத் தட்டுவாள்?

இனிப் போன ஞாயிற்றுக்கிழமை விஷயம். கையெழுத்துப் போடட்டுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள் என்று நீ கேட்டாய். தாராளமாகப் போடு, நாங்கள் சமாளித்துக்கொள்வோம் என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அப்போது சாந்தினி போனுக்குப் பின்னால், உன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்றுகொண்டு, போடச் சொல்லுங்கள் என்று எனக்குக் கையால் காட்டிக்கொண்டிருந்தாள். நீ போனை வைத்ததும், என் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த தட்டுகளை எடுத்து மறுபடியும் கழுவினாள். நான் சொன்னது அவளுடைய பதில். என்னுடையது இல்லை.

இன்னும் இரண்டு வருஷம் இருந்தால் என்னென்ன செய்யலாம் என்று நீ சொன்னதை எல்லாம் நானும் யோசித்தேன். வீடு, அவள் மேற்படிப்பு, என் முதுகு வைத்தியம், எதுவும் தப்பில்லை. நீ போனது எங்களுக்காகத்தான், அதில் யாரும் ஒரு குறை சொல்ல நான் விடமாட்டேன். நீ அங்கே யார் யாருடைய அம்மாவுக்கோ தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இன்னும் இரண்டு வருஷத்தில் அவளுக்குப் பதினைந்து. இப்போது வாயை மூடிப் பழகினவள் அப்போது உன்னிடம் எதைச் சொல்லப்போகிறாள்? படிப்புக்கு எப்படியாவது வழி பார்த்துக்கொள்ளலாம். ஒரு டின்னை இரண்டு நாளைக்கு ஆக்கினவன் மூன்று நாளைக்கும் ஆக்குவேன்.

சத்தியத்தை மீறியதற்கு என்னைத் திட்டு. வீடியோவில் வேண்டாம், நேரில் வந்து திட்டு. கையெழுத்துப் போடாதே.

வருவதாக இருந்தால் ஒன்று மட்டும் செய்ய வேண்டும். இந்தக் கடிதத்தைப் பற்றிச் சாந்தினியிடம் மூச்சு விடாதே. அவளே ஒருநாள் உன் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு சொல்வாள், அப்போதுதான் தெரிந்ததுபோல் கேட்டுக்கொள். ஏன் வந்தாய் என்று தனலெட்சுமி கேட்டாலும், அங்கே உன் மேலதிகாரி கேட்டாலும், பிள்ளையே கேட்டாலும், வீட்டுக்காரருக்கு முடியவில்லை, தனியாக அவரால் இழுக்க முடியவில்லை, அதனால் வந்தேன் என்று சொல்லிவிடு. நாலு பேர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். பழி என்னோடு இருக்கட்டும், அவள் தலையில் ஒரு துளியும் விழ வேண்டாம்.

பொய் சொல்கிறோமே என்று உனக்கு உறுத்தவும் வேண்டாம். எனக்கு முடியவில்லை, பிரேமா. வந்துவிடு.

உன்,
சபாபதி