நிதா எந்தப் பாகத்தில் தொடங்குவது

கோட்டைமேடு, கோயம்புத்தூர்
ஜூலை 6

அன்புத் தம்பி ரைஹானுக்கு, அக்கா ஜாஹிதாவின் ஸலாம்.

நகோயாவில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கேயும் சுகம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் வழக்கம். இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை, விட்டுவிட்டேன். போன் இருக்கும்போது இவள் காகிதத்தில் எழுதி, அதைப் போட்டோ பிடித்து அனுப்புகிறாளே என்று சிரிக்காதே. போனில் எனக்குப் பேச்சுக்கு முன்னால் அழுகை வந்துவிடுகிறது. நீயும் "எல்லாம் சரியாயிரும்க்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். எழுத்தில் அப்படி நழுவ முடியாதல்லவா.

நிதாவை இன்று காலை கண்ணாடி அறைக்குள் சேர்த்துவிட்டார்கள். போய்த் தொலைந்தது என்று நினைத்த ரத்தப் புற்று இரண்டாம் தடவை வந்ததற்கு இது ஒன்றுதான் வழி என்கிறார்கள். முதலில் மருந்து ஏற்றி அவள் எலும்புக்குள் இருக்கிற நல்லது கெட்டது எல்லாவற்றையும் அழித்துவிடுவார்களாம். பிறகு உன் மச்சானின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்ததை அவளுக்குள் செலுத்துவார்கள். அது பிடித்துக்கொண்டு வெள்ளை அணு ஏறுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். இரண்டு வாரத்திலும் ஏறலாம், நாலு வாரமும் ஆகலாம் என்று டாக்டர் சொன்னார். ஏறாமலும் போகுமா என்று நான் கேட்கவில்லை.

துணைக்கு உள்ளே ஒரே ஓர் ஆள்தான் இருக்கலாம். எனக்குப் பார்த்து இந்த நேரத்தில் இருமல் பிடித்திருக்கிறது. அதனால் என் நாத்தனார் சமீரா உள்ளே, பெற்றவள் நான் வெளியே. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சுவரில் ஒரு போன் மாட்டியிருக்கிறார்கள், அதில்தான் பேச வேண்டும். சமீரா தங்கமான பெண், மாற்றுச் சொல் இல்லை. இருந்தாலும் அவள் நிதாவின் தலையைத் தடவுவதைப் பார்த்தால் என் வயிறு எரிகிறது. நம் சிறுவாணித் தண்ணீரைக்கூட அவளுக்குக் கொடுக்கக் கூடாதாம். உலகத்திலேயே ருசியான தண்ணீர் என்று நாம் பீற்றிக்கொள்கிறோம், இவர்கள் அதைக் கிருமி என்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெருநாளைக்கு வந்தபோது நீ கொடுத்துவிட்டுப் போனாயே, கையில் வைத்து ஆடுகிற விளையாட்டுக் கருவி, அதை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து உள்ளே அனுப்பலாம் என்றுவிட்டார்கள். அதில் அந்த ஜப்பான் தொடரின் பாகங்களை எல்லாம் ஏற்றி வைத்திருக்கிறாய் அல்லவா? அதன் பெயர் என் வாயில் நுழையவில்லை. ஒவ்வொரு பாகத்திலும் யாராவது ஒருவர் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடப்பதால் நான் அதை விளக்கு விளையாட்டு என்றே சொல்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேலாக வருகிறதாம், பதினான்கு பாகம் ஆகிவிட்டதாம். பத்தாவது பரீட்சை முடியட்டும் என்று தொடாமலே வைத்திருந்தாள். பரீட்சை முடிந்தது, ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

எந்தப் பாகத்தில் தொடங்குவது என்று வீட்டில் ஒரே பஞ்சாயத்து. உன் மச்சான் தன் பம்ப் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறவர்தானே, "ஒண்ணாம் நம்பரை உட்டுப்போட்டு நடுவுல பூந்தா என்ன கண்ணு புரியும்?" என்கிறார். ஒவ்வொரு பாகத்திலும் கதை வேறு, நாடு வேறு, ஆட்கள் வேறு, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமில்லை என்று நிதா அவருக்குப் பாடம் எடுத்தாள். முதல் பாகத்தில் மனிதர்கள் எறும்பு மாதிரி தெரிகிறார்களாம், "அது உங்க கடைப் பழைய சரக்கு மாதிரிங்க, அத்தா" என்றாள். அவர் சிரித்துவிட்டார். அவளோடு படிக்கிற பிள்ளைகள் கடைசியாக வந்ததில் தொடங்கச் சொல்கிறார்கள். இன்டர்நெட்டில் பார்த்தால் அங்கே இதைவிடப் பெரிய சண்டை நடக்கிறதாம். கடைசியில், "மாமா அத்தனையும் ஆடியிருக்காரு, மாமா சொல்றதுதான்" என்று முடித்துவிட்டாள்.

ஆகவே நீ சொல். யோசித்து ஒன்றே ஒன்று சொல். அந்த அறைக்குள் அவளுக்குப் பேச்சுத் துணையாக இருக்கப்போவது அதுதான்.

டாக்டர் இங்கிலீஷில் விவரமாகப் பேச வீட்டில் யாராவது உண்டா என்று கேட்டார். மச்சான் உன் நம்பரைக் கொடுத்திருக்கிறார். அவர் சொல்வதை எல்லாம் கேட்டு, எனக்கு விளங்குகிற மாதிரி சொல். ஒவ்வொரு தொழுகையிலும் என் பிள்ளைக்காக துஆ கேள்.

உன் அக்கா,
ஜாஹிதா


கோயம்புத்தூர்
ஜூலை 29

ரைஹானுக்கு ஸலாம்.

அன்புத் தம்பி என்று எழுதவில்லையே என்று பார்க்காதே. அன்பு எங்கேயும் போகவில்லை, கோபம் அதற்கு முன்னால் வந்து நிற்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ நாலாம் பாகத்தைச் சொன்னாய். புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் சரி, சின்னக் கதை, அழகான கதை, இருபது மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றாய். நிதா அன்றைக்கே தொடங்கிவிட்டாள். அவளுக்கு வாயெல்லாம் புண், எச்சில்கூட விழுங்க முடியவில்லை. ஆனாலும் தினமும் ஒரு மணி நேரம் படுத்தபடியே ஆடுவாள், பிறகு சுவர்ப் போனில் எனக்குக் கதை சொல்வாள். பரிசல்காரர் மகள் ஒருத்தி, ஊர்களில் விளக்குகள் தானாக அணைந்துபோகின்றன, அவள் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போகிறாள். கதையில் வருகிற கஞ்ச வியாபாரி விளக்குக்கு எண்ணெய் கொடுத்தானா இல்லையா என்று நானும் மறுநாள் கேட்பேன். அந்த நேரத்தில் நாங்கள் ரத்தத்தைப் பற்றிப் பேசவே மாட்டோம். அதற்காக அல்லாஹ் உனக்கு நல்ல கூலி கொடுப்பான்.

மச்சானுக்கு மஜ்ஜை எடுத்த இடுப்பில் இன்னும் வலி. கடையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் வலியே இல்லை என்கிறார்.

இனி கோபத்துக்கு வருகிறேன். நேற்று நர்ஸ் பூஜிதாவோடு எதிர் பேக்கரியில் டீ குடிக்கப் போயிருந்தேன். பீளமேட்டுப் பெண், நிதாவிடம் உயிராக இருக்கிறாள். நிதா என்ன ஆடுகிறாள் என்று பேச்சு வந்தது. "நாலாவதுங்களா? எங்க தம்பி அதை ரெண்டே நாள்ல முடிச்சுப்போட்டானுங்க. இருக்கறதுலயே சின்னது அதுதானுங்க்கா. புதுசா வர்றவங்களைப் பதினொண்ணாவதுலதான் தொடங்கச் சொல்லுவாங்க, அது நூறு மணி நேரம் ஓடும்" என்றாள். என் தம்பியும் எல்லாம் ஆடினவன்தானே, பிறகு ஏன் இதைச் சொன்னான் என்று கேட்டேன். அவளுக்குச் சட்டென்று முகம் மாறிவிட்டது. தெரியலீங்க என்று சொல்லிக் கப்பை வைத்துவிட்டாள். என் டீயை நானும் குடிக்கவில்லை.

நிதாவுக்கு நான் எதுவும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. கதையில் அவள் கடைசி ஊருக்கு வந்துவிட்டாள். ஊர்க்கோடியில் ஒரு கதவு இருக்கிறதாம், அதற்கு அப்பால் முடிவு. நாலைந்து நாளாக அதைத் திறக்காமல் ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறாள். கடைக்காரரிடம் பேசுகிறாள், நாய்க்குச் சோறு வைக்கிறாள். ஏன் கண்ணு உள்ளே போகவில்லை என்று கேட்டேன். "உள்ள போனா முடிஞ்சிரும்மா" என்றாள். பிறகு, "மாமா சின்னதாப் பார்த்துத்தான் குடுத்திருக்காரு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை, கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வெள்ளை அணு இன்னும் ஏறவில்லை. முந்தாநாளிலிருந்து காய்ச்சல் வேறு.

நீ பாகத்தைச் சொல்வதற்கு முன்பே டாக்டர் உன்னோடு அரைமணி நேரம் பேசினார் என்று எனக்குத் தெரியும். நீ என்னிடம் சொன்னது "நல்லாப் போகுதுக்கா" என்கிற ஒரே வார்த்தை. அரைமணி நேரப் பேச்சுக்கு அவ்வளவுதான் அர்த்தமா? மச்சானைக் கேட்டால் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுகிறார். கடையில் ஆர்டர் வந்தால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கே கடைசி ஆளாக ஓடுகிறவர், இப்போது நான் வாயைத் திறந்தாலே பள்ளிவாசலுக்குப் போகிறார். நீங்கள் இருவரும் சேர்ந்து என்னிடம் எதையோ மறைக்கிறீர்கள்.

நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். டாக்டர் உன்னிடம் என்ன சொன்னார்? நூறு மணி நேரக் கதை இருக்கும்போது என் பிள்ளைக்கு ஏன் இருபது மணி நேரத்தைப் பார்த்துக் கொடுத்தாய்? நான் அவளைப் பெற்றவள். உங்களுக்குத் தெரிந்தது எனக்கும் தெரிய வேண்டும்.

ஜாஹிதா


கோயம்புத்தூர்
ஜூலை 31

அன்புத் தம்பி ரைஹானுக்கு, அல்லாஹ் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

நீ அனுப்பியதை ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். இரண்டாம் தடவை வந்ததால் பிழைப்பது பாதிக்குப் பாதிதான் என்று டாக்டர் சொன்னதை எழுதியிருக்கிறாய். "ஒரு கதையையாச்சும் அவ முழுசா முடிச்சுப் பார்த்துரட்டும்னு நெனச்சேங்க்கா. நூறு மணி நேரக் கதை நடுவுல நின்னு போச்சுன்னா என்னால தாங்க முடியாது" என்று எழுதியிருக்கிறாய். அழுதுகொண்டுதான் எழுதியிருப்பாய். ஆகவே உன்னைத் திட்டப்போவதில்லை.

அதை அப்படியே மச்சானிடம் காட்டினேன். அவருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தால் நான் உடைந்துபோவேன் என்று தனியாகச் சுமந்திருக்கிறார் மனுஷன். "உன்கிட்ட எப்படிச் சொல்றதும்மா" என்று படியிலேயே உட்கார்ந்து அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க நான் அவர் கையைப் பிடித்தது இதுதான் முதல் தடவை. நான் உடைந்துபோகவில்லை. தெரியாமல் இருந்ததுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. இப்போது பயம் இருக்கிறது, ஆனால் எதற்குப் பயப்படுகிறேன் என்று தெரிகிறது.

ஆனால் நீ செய்தது தப்பு, தம்பி. பாசத்தில் செய்த தப்பு. நேற்று அவளுக்குக் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. போனை எடுத்து, "இதை முடிச்சா அடுத்து எந்தப் பாகம்மா? மாமா சொல்லவே இல்லை" என்று கேட்டாள். நீயும் மச்சானும் டாக்டரும் முடிவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். அவள் அடுத்தது எது என்று கேட்கிறாள். அதைச் சொல்ல ஆளில்லாமல்தான் இத்தனை நாளும் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறாள்.

இன்று காலை ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு லேசாகத் தலைகாட்டியிருக்கிறதாம். இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, நாளையும் மறுநாளும் ஏறினால்தான் நம்பலாம் என்கிறார் டாக்டர். பூஜிதா எனக்குச் சொல்ல வந்தவள் தன் சந்தோஷத்தைக்கூட அடக்கிக்கொண்டுதான் சொன்னாள். நானும் அடக்கிக்கொண்டிருக்கிறேன். மச்சான் மட்டும் யாருக்கும் தெரியாமல் ஏழைகளுக்குச் சதகா கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

நீ இன்றைக்கே அவளைக் கூப்பிடு. அதற்கு முன்னால் முகத்தைக் கழுவிக்கொள், அழுத கண்ணோடு வராதே, ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாள். நாலாம் பாகம் ருசி பார்க்கக் கொடுத்தது என்று சொல். உண்மையில் தொடங்க வேண்டியது பதினொன்றாம் பாகத்தில், மாமாதான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல். நூறு மணி நேரக் கதை, அவசரப்பட்டு ஆடக் கூடாது, ரமலானுக்கு ஊருக்கு வரும்போது எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்று பார்ப்பேன் என்று சொல். வெறும் வாயில் சொன்னால் நம்ப மாட்டாள். நீயும் அதை முதலிலிருந்து ஆடு. இன்று எந்த ஊர், யாரைப் பார்த்தாய் என்று தினமும் கேள். வேலை இருக்கிறது, நேரமில்லை என்று என்னிடம் சொல்லாதே.

நடுவில் நின்றுபோனால் என்ன செய்வது என்று கேட்பாய். நின்றால் நிற்கட்டும். அதை நான் தாங்கிக்கொள்கிறேன், அதற்குத்தானே பெற்றேன். அப்பால் எதிர்பார்த்திருக்க ஒன்றும் இல்லாமல் என் பிள்ளையை அந்தக் கதவைத் திறக்கச் சொல்ல என்னால் முடியாது.

அல்லாஹ்விடம் கேட்க வேண்டியதைக் கையேந்தி அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உன் கையில் இருப்பது இவ்வளவுதான், இதை நீ செய். என் பிள்ளைக்கு நீளமானதாகக் கொடு, தம்பி.

உன் பதிலுக்காகக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்
உன் அக்கா,
ஜாஹிதா