இடியப்ப உரல் விருது

ஜிந்துப்பிட்டி,
கொழும்பு 13.
2024 செப்டம்பர் 1

அன்பு மகள் பஸ்லாவுக்கு,

வெள்ளையம்மா ஆன்டி எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை முஸ்அப் தம்பியும் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். காலையில் இடியப்பம் அவித்து பௌஸி நானா கடைக்குக் கொடுக்கிறேன், வந்து படுக்கிறேன், பொழுது போகிறது.

என் பிள்ளை துஷாவின் காரியம் முடிந்த பிறகு நான் எடுக்கும்போதெல்லாம் நீ போனை எடுப்பதில்லை. எனக்குக் கோபமில்லை மகள். போன் என்றால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், ஒரு விஷயமும் பேச முடியாது. கடிதம் என்றால் அழுது முடித்துவிட்டு உட்காரலாம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் நீயே திருத்தி வாசித்துக்கொள்.

அலுமாரியில் துஷாவின் உடுப்பை மடித்து வைக்கும்போது இரண்டு கச்சேரி டிக்கெட் கிடந்தன. அந்த டெங்குக் காய்ச்சலில் விழுவதற்கு முன்னமே எடுத்து வைத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. மழையால் தள்ளிப்போட்ட கச்சேரியாம், அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை கொட்டாஞ்சேனை மைதானத்தில் வைக்கிறார்களாம். நம்ம ஆட்டோ நோபேட்தான் விசாரித்துச் சொன்னார். ஒன்று அவளுடையது, ஒன்று உன்னுடையதாகத்தான் இருக்கும். வருகிறாயா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். டிசம்பர் கடைசி ஞாயிறு என் கட்டிலில் ஏறி நின்று நீங்கள் இரண்டு பேரும் விருது விழா நடத்துவீர்களே. அந்த வருடத்துப் பாட்டில் எது பெரிய பாட்டு என்று சண்டை போடுவீர்கள். கோப்பைக்குப் பதில் என் இடியப்ப உரல். எனக்குச் சேலை கட்டிவிட்டு, "விருது வழங்க மேடைக்கு வருகிறார் உலகப் புகழ் இடியப்ப அரசி" என்று அவள் கத்துவாள். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் விருது. அது அவள் போட்ட சட்டம். ஒரு வருடம் பொழுது சாய்ந்தும் ஒத்துக்கொள்ளவில்லை. "அடியே, கடைக்கு மா பிழியணும், உரலத் தாங்கடி" என்று நான் கெஞ்சினேன். போன வருடம் நீ புதுப்பெண்ணாகப் புத்தளத்திலிருந்து வந்தும் நடந்தது.

இந்த வருடமும் நடக்க வேண்டும். அவள் ஓட்டை நான் போடுகிறேன். பாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டுப் பழகிக்கொள்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
ஆன்டி வெள்ளையம்மா


புத்தளம்
2024 செப்டம்பர் 12

அன்புள்ள ஆன்டி,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். முஸ்அப்தான் பிரித்துக் கையில் தந்தார்.

நான் கச்சேரிக்கு வரவில்லை ஆன்டி. விருதும் வேண்டாம். உங்கள்மேல் ஒன்றுமில்லை, அல்லாஹ்வுக்காக அப்படி நினைத்துவிடாதீர்கள். நான் பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டேன். பள்ளிக்கூட பஸ்ஸில் தொடங்கி எங்களுக்கு ஒரே இயர்போன்தான். வலது காது எனக்கு, இடது காது அவளுக்கு. என் கல்யாணத்துக்குப் பிறகும் சந்தித்தால் அப்படித்தான். இப்போது இரண்டையும் நானே மாட்டினால், அவள் சீட்டில் போய் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. கழற்றி வைத்துவிடுகிறேன்.

டிக்கெட்டை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

பஸ்லா


ஜிந்துப்பிட்டி
2024 செப்டம்பர் 29

அன்பு மகள் பஸ்லாவுக்கு,

வரவில்லை என்று எழுதினாய். சரி. நான் தொடங்கிய வேலையை விடவில்லை. துஷாவின் ரேடியோவை அடுப்படியில் வைத்துவிட்டேன். நான் கேட்ட வரைக்கும் சொல்கிறேன், நீ வாசித்தால் போதும், பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

இப்போது எல்லா ஆட்டோவிலும் ஒரு பையன் பாட்டு ஓடுகிறது. ரேடியோவில் பெயர் சொல்கிறார்கள், என் வாயில் வரவில்லை. குரலை மிஷினில் போட்டு அரைத்த மாதிரி இருக்கிறது. நோபேட், "அக்கா, அது ஸ்டைலு" என்றார். "நான் சளின்னுல்ல நெனச்சேன். அந்தப் புள்ளைக்கு யாராச்சும் மல்லித்தண்ணி அவிச்சுக் குடுங்க" என்றேன். ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

மட்டக்களப்புப் பிள்ளை ஒன்று பாடிய புதுப் பாட்டு எனக்குப் பிடித்தது. மா பிழியும்போது கேட்கலாம். சில பாட்டுக்குக் கை தானாக வேகமாகப் போய் இடியப்பம் அறுந்து விழுகிறது. இதற்குக் கை அதன் பாட்டில் போகிறது. முடிந்த பிறகும் அடுத்த தட்டுக்கு அதே பாட்டு கைக்குள் இருக்கிறது.

டிவியில் விருது விழாவும் பார்த்தேன், பக்கத்து வீட்டு நிஷாந்தி கூப்பிட்டாள். பாடினவனைவிடக் கோப்பை கொடுக்க வந்தவன்தான் அதிகம் பேசினான். கோப்பை வாங்கினவன் "எல்லாம் எங்கம்மாவுக்குத்தான்" என்றான். உடனே கேமரா அந்த அம்மாவைக் காட்டியது. பாவம், அந்த நேரம் பார்த்து அது வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தது. முழுங்கவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் முழித்தது. நிஷாந்தி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த அம்மாமேல் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

கச்சேரிக்கு நான் போகிறேன். உன் டிக்கெட்டை யாருக்கும் கொடுக்கவில்லை.

ஆன்டி


ஜிந்துப்பிட்டி
2024 அக்டோபர் 14

அன்பு மகளுக்கு,

போய்விட்டு வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நோபேட்தான் கூட்டிப்போனார். உன் கதிரையில் என் பேக்கை வைத்தேன். அவர் வெளியே நின்று எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாக்கா, பேக்குக்கும் டிக்கெட்டா? நான் அதவிட நல்லாக் கை தட்டுவேனே" என்றார். கடைசியில் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பேக்கை அவர் மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

கச்சேரி பாதி நல்லது, பாதி சத்தம். டிரம் அடிப்பவன் பாடுகிறவர்களோடு ஏதோ பகை உள்ளவன் மாதிரி அடித்தான். பெரிய பாடகர் ஒருவர் வந்தார். இரண்டு வரி பாடுவார், மைக்கை எங்கள் பக்கம் நீட்டுவார். டிக்கெட் எடுத்ததும் நாங்கள், பாடினதும் நாங்கள். வயதான ஒருவர் நடுவில் அடி மறந்து நின்றார். மறந்துபோச்சு என்று சொல்லிச் சிரித்துவிட்டு முதலிலிருந்து பாடினார். அவரை எனக்குப் பிடித்தது.

இனித்தான் விஷயம். பிடித்த பாட்டை எழுதி மேடைக்குத் துண்டு அனுப்பலாம் என்று நோபேட் சொன்னார். நானும் எழுதினேன். "துஷாந்தினி, ஜிந்துப்பிட்டி. இந்தப் பிள்ளைக்காக ஒரு நல்ல பாட்டு பாடவும்." அவ்வளவுதான். பிள்ளை இல்லை என்று அந்தச் சின்னக் காகிதத்தில் எப்படி எழுதுவது?

அறிவிப்பாளர் தம்பி மற்றத் துண்டுகளோடு அதையும் பிறந்தநாள் துண்டு என்று நினைத்துவிட்டார். "ஜிந்துப்பிட்டியிலருந்து துஷாந்தினி! இன்னைக்குப் பிறந்தநாள்! எங்க இருக்கீங்க, கையத் தூக்குங்க!" என்று கத்தினார். பேண்ட்காரர்கள் பிறந்தநாள் மெட்டு வாசித்தார்கள். மைதானமே கை தட்டியது.

நோபேட் எழும்பிவிட்டார். "அக்கா, அவன் என்ன சொல்றான் பாருங்க, நான் போய்..." என்றார். நான் சட்டையைப் பிடித்து இழுத்து, "உட்காருங்க. சொல்லட்டும்" என்றேன்.

"துஷாந்தினி வெக்கப்படுறாங்க போல! கையத் தூக்கினாத்தான் பாட்டு!"

நான் கையைத் தூக்கினேன்.

லைட்டை என்மேல் அடித்தார்கள். சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். "அடடே, துஷாந்தினியம்மா! நூறு வருஷம் நல்லா இருக்கணும்!" என்றார் அந்தத் தம்பி. பிறகு அந்த மட்டக்களப்புப் பிள்ளை வந்து என் இடியப்பப் பாட்டைப் பாடியது. நான் கையை எப்போது இறக்கினேன் என்று தெரியவில்லை.

வீட்டில் இறக்கிவிட்டு நோபேட் ஆட்டோக் காசு வாங்காமல் போனார். அதுவே புதுமை.

ஆன்டி


புத்தளம்
2024 அக்டோபர் 19

ஆன்டி,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னமே அந்த வீடியோவைப் பார்த்துவிட்டேன். பேஸ்புக்கில் போட்டிருக்கிறார்கள். சத்தத்தை அடைத்துவிட்டுத்தான் பார்த்தேன். லைட் வெளிச்சத்தில் நீங்கள் கையைத் தூக்கிக்கொண்டு இருக்கிறீர்கள். கீழே எல்லாரும் சிரிக்கிற படம் போட்டிருக்கிறார்கள். "ஆன்டி செம மாஸ்" என்று ஒருவன் எழுதியிருக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அந்தப் பிள்ளை மௌத்தாகி நான்கு மாதம், ஒரு தாயை மேடையில் வைத்து விளையாட வெட்கமில்லையா என்று அதன் கீழே எழுதிவிட்டேன். இப்போது ஆட்கள் அந்த அறிவிப்பாளரைக் கிழிக்கிறார்கள். கிழிக்கட்டும்.

ஆன்டி, ஏன் கையைத் தூக்கினீர்கள்? எழும்பி வந்திருக்கலாமே.

பஸ்லா


ஜிந்துப்பிட்டி
2024 அக்டோபர் 27

அன்பு மகள் பஸ்லாவுக்கு,

நீ எனக்காகக் கோபப்பட்டாய். அது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் எழுதியதை அழித்துவிடு மகள். அந்தத் தம்பிக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கும் வீட்டில் ஒரு தாய் இருப்பாள், அவளும் அந்தத் திட்டையெல்லாம் வாசிப்பாள்.

ஏன் தூக்கினேன் என்று கேட்டாய். யோசித்துப் பார்த்தேன். துஷா போன பிறகு அவள் பெயரை எல்லாரும் மெதுவாகத்தான் சொல்கிறார்கள். நிஷாந்தி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள். பௌஸி நானா "மகள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். கோயில் ஐயர் அர்ச்சனைக்குக்கூடப் பெயர் கேட்பதில்லை. அந்தத் தம்பி ஒருவர்தான் அந்தப் பெயரை மைதானம் முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். பிள்ளையைக் கூப்பிட்டு யாருமே கை தூக்காவிட்டால் எப்படி? இல்லை என்று ஆகிவிடும். அதுதான் தூக்கினேன்.

அந்த வீடியோவில் மட்டும் அவளுக்கு ஒரு வயது கூடியிருக்கிறது. அதை இருக்கவிடு.

மழை. மா காயமாட்டேன் என்கிறது. புதுப் பாட்டு இரண்டு கேட்டேன், இரண்டும் ஒன்று மாதிரி.

ஆன்டி


புத்தளம்
2024 டிசம்பர் 14

அன்புள்ள ஆன்டி,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். எழுதியதை அன்றே அழித்துவிட்டேன். அழிக்கப் போனபோது, நீங்கள் எழுதியிருந்தீர்களே, சத்தமாகச் சொன்னார் என்று. அதைக் கேட்க வேண்டும் போல இருந்தது. இயர்போனை மாட்டினேன். இரண்டு காதிலும். அவள் பெயரைக் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். முஸ்அப் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கிறேன் ஆன்டி. இந்த வருடம் வந்தது எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டேன். உங்கள் மட்டக்களப்புப் பிள்ளை நல்லாத்தான் பாடுகிறார். ஆனால் என் ஓட்டு உங்கள் சளிப் பையனுக்கு. சிரிக்காதீர்கள். அந்தப் பாட்டில் அடியில் ஒரு வயலின் போகிறது, இடது காதில் மட்டும். வலது காதால் மட்டும் கேட்கிற எனக்கு அது கேட்டே இருக்காது. இப்படி எத்தனை பாட்டில் அவளுக்கு மட்டும் கேட்டதோ தெரியாது. அவள் இருந்தால் அவளும் இதற்குத்தான் கொடுப்பாள்.

இருபத்தொன்பதாம் தேதி அங்கே வர எனக்குத் தைரியமில்லை. அந்தக் கட்டிலைப் பார்க்க முடியாது. என் ஓட்டைத் தபாலில் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் ஒத்துக்கொண்டதாக ஒரு வரி எழுதிவிடுங்கள். சட்டப்படி விருது முடிந்துவிடும்.

என்றும் உங்கள்
பஸ்லா


ஜிந்துப்பிட்டி
2024 டிசம்பர் 19

அன்பு மகள் பஸ்லாவுக்கு,

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவள் உன் பக்கம்தான் நின்றிருப்பாள், எனக்கும் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைக் காட்டுவாசி என்று கேலி பண்ணியிருப்பீர்கள். ஆனால் இப்போது ஓட்டு என்னிடம். அந்தப் பையனுக்கு என் உரலைத் தூக்கிக் கொடுக்க முடியாது. அப்படிக் கொடுத்துவிட்டு மறுநாள் அதில் எப்படி மா பிழிவேன்?

நோபேட்டிடம் சொல்லி ஆட்டோவில் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். "அக்கா, என் வண்டிக்கே சளி புடிக்கப் போவுது" என்கிறார். வயலினும் இல்லை ஒன்றும் இல்லை. நீ பொய் சொல்ல மாட்டாய். ஆட்டோ ஸ்பீக்கரில் கேட்காது போலிருக்கிறது.

இந்தச் சண்டையைத் தபாலில் முடிக்க முடியாது. இருபத்தொன்பதாம் தேதிக்குக் கடைக்கு இடியப்பம் இல்லை என்று சொல்லிவிட்டேன். "என்ன, உரல் உடைஞ்சு போச்சா?" என்று பௌஸி நானா கேட்டார். "இல்ல நானா, விழாவுக்குப் போவுது" என்றேன். உனக்கும் முஸ்அப் தம்பிக்கும் பகல் சாப்பாடு அவர் கடையிலிருந்துதான் வரும், ஹலால்தான், யோசிக்காமல் சாப்பிடலாம். கட்டிலைச் சுவரோரமாகத் தள்ளி, மேலே என் இடியப்பத் தட்டுகளை அடுக்கி வைக்கிறேன். நாம் தரையில் பாய் போட்டு உட்காரலாம்.

உன் இயர்போனை மறக்காமல் கொண்டு வா. இடது காதை எனக்குத் தா. அதில் வயலின் இருந்தால் பார்க்கலாம்.

ஆன்டி வெள்ளையம்மா