அலமாரிக் கதவின் உள்பக்கம்

கார்த்திகை 10, செவ்வாய்

ராயபுரத்துப் பழைய வீட்டைப் பழையபடி ஆக்கும் வேலையில், இன்று சுவர் அலமாரிகளின் பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டினோம். அடியில் அசல் பர்மா தேக்கு. காலையில் தச்சர் மாரி கேட்டார்: "கதவு உள்பக்கம் பென்சில்ல இன்னாமோ எழுதிக்கீது சார். அதையும் எடுத்துடவா?" நான் வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மரம் தெரியிற வரைக்கும் எல்லாத்தையும் எடுங்க" என்றேன்.

மத்தியானம் வீட்டுக்காரர் ஜைனபு அக்கா வந்தார். நேராகப் போய் அந்தக் கதவைத் திறந்தார். குடும்பத்தில் யார் எந்த நாளில் பிறந்தார்கள், இறந்தார்கள் என்பதையெல்லாம் அங்கேதான் எழுதுவார்களாம். வேறெங்கும் எழுதி வைக்கவில்லையாம்.

வெறும் மரத்தை உள்ளங்கையால் தடவினார்.

"நல்லா வழவழன்னு கீது தம்பி. எங்க அம்மா மௌத்தான நாளும் இதுலதான் இருந்துச்சு."

பிறகு, டீ வேணுமா என்று கேட்டார். குடித்தேன்.

மீதிக் கதவுகளை உள்ளே பார்த்துவிட்டுத்தான் சுரண்டினோம். அவற்றில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எனக்கு ஒன்றும் தோன்றவும் இல்லை.

வேலை தொடங்குமுன் எடுத்த போட்டோக்களை இப்போது பார்த்தேன். அந்த அலமாரியை மட்டும் பதினொரு முறை எடுத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கதவு சாத்தியிருக்கிறது.