கொழும்பிலிருந்து ஒன்றரை மணி நேரம்

லீலாவுக்க அப்பாவுக்கு,

நேத்து ராத்திரியும் நீங்க போராட்டக்காரங்க கூட்டத்துலேருந்து வரல்ல, அதான் எழுதி வைக்கேன். எனக்க அண்ணன் தாசையன் மத்தியானம் கொழும்பு பிளேன்ல திருவனந்தபுரத்துல இறங்குறான். கூப்பிடப் போறேன். நெய்யாற்றின்கரை வரைக்கும் நடை, அங்கேருந்து பஸ்.

அம்மைக்கு மூச்சு இளைப்பு கூடியாச்சு. லீலா பக்கத்துல இருக்கா. அடுப்புல கஞ்சி உண்டு, சூடாக்கிக் குடுங்க. மகன் எங்கேன்னு கேட்டா, பிளேன் ஏறியாச்சுன்னு சொல்லுங்க. ரோட்டு விசயம் சொல்லாண்டாம்.

கொழும்புலேருந்து இருநூறு மைலாம், ஒன்றரை மணி நேரத்துல கொண்டு விட்டிருவானாம். திருவனந்தபுரத்துலேருந்து நம்ம வீட்டுக்கு இருபது மைலு. அதுக்கு எவ்வளவு நேரமாவும்னு கடுதாசில கேட்டிருக்கான். நான் என்னத்த எழுத?

நம்ம ஊரு திருவனந்தபுரத்த விட்டு தமிழ்நாட்டோட சேரணும்னு எனக்கும் ஆசை உண்டு. அதுல உங்ககிட்ட சண்டை இல்ல.

புஷ்பபாய்

மறந்துட்டேன். அண்ணனுக்கு கால் முடியாது, காறு பிடிச்சுத்தான் வாறோம். சாயங்காலம் உதியன்குளங்கரையில, நீங்க ரோட்டுக்குக் குறுக்க வெட்டிப் போட்ட அயினி மரத்துக்கு அந்தப் பக்கம் நிப்போம். வெட்டின அவ்வளவு பேரையும் கூட்டிட்டு வந்து மாத்துங்க. மறுபடி போடணும்னா, அண்ணன் இந்தப் பக்கம் வந்த பெறகு போட்டுக்கிடுங்க.