முனியப்பனுக்கு நேர்ந்துவிட்ட கெடா

நாமகிரிப்பேட்டை,
ஆடி 28

அன்பு மகள் மைதிலிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உங்கப்பாவும் மூன்று வேளை சோறு தின்று உடம்பில் உயிரோடு இருக்கிறோம், அதற்குமேல் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அந்தக் குளிர் தேசத்தில் நோய் நொடி இல்லாமல் இருக்க முனியப்பன் துணை இருக்கட்டும். பாப்பாவுக்குச் சளி கட்டியிருக்கிறது என்றாய், நீயே நர்சு, உனக்கு நான் வைத்தியம் சொல்லி ஆகப்போவதில்லை, ஆனாலும் காலில் சாக்ஸ் போடாமல் தரையில் விடாதே. கையில் போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இந்த வீட்டில் உங்கப்பா காதில் விழாமல் போன் பேச முடியாது. இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆடி மழை ஒன்றும் பெய்யவில்லை, குச்சிக்கிழங்கில் மாவுப்பூச்சி விழுந்து மேலண்டைக் காடு முழுக்கச் சுருண்டு கிடக்கிறது. செவலை மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

நீ அனுப்பிய கவர் போன வாரம் வந்தது. உள்ளே உன் கடிதம் நாலு பக்கம், அதோடு நான் கையெழுத்துப் போட வேண்டிய தாள் ஒன்று. செத்தவளின் தாயான எனக்கு மதனைத் தூக்கில் போடுவதில் சம்மதமில்லை, ஆயுள் தண்டனை போதும் என்று அதில் அச்சடித்திருக்கிறது. நான் போட்டுக் கொடுத்தால் அந்த மெட்ராஸ் வக்கீலம்மா ஆவணி இருபதாம் தேதி ஹைகோர்ட்டில் நீட்டுவாளாம். நல்ல வழவழப்பான தாள் கண்ணு. அன்றைக்கு வடை சுட்டேன், சட்டியை இறக்கி வைக்கப் பிரிமணை கிடைக்கவில்லை, உன் தாள்மேல்தான் இறக்கி வைத்தேன். எண்ணெய் ஊறி எழுத்தெல்லாம் மறுபக்கம் தெரிகிறது. உன் கடிதத்தின் கடைசி வரியில் என்னை ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய், அதற்கும் வருகிறேன், அதற்கு முன்னால் மற்றதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுகிறேன்.

அரசாங்கம் ஒரு உயிரை எடுத்தால் அதுவும் கொலைதான் என்கிறாய். அபிநயா காலேஜ் பஸ்சுக்கு நின்றுகொண்டிருந்தபோது பட்டப்பகலில் பின்னால் வந்து கத்தியைச் செருகினானே, அவன் யாரைக் கேட்டுச் செய்தான்? கோர்ட் அவனை மூன்று வருஷம் கேட்டது, வக்கீல் வைத்துக் கேட்டது, தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துக் கேட்டது. தூக்கில் போட்டால் குற்றம் குறைந்துவிடுமா என்று கேட்கிறாய். குறையும் என்று நான் எப்போது சொன்னேன்? ஊர்க் குற்றத்தைக் குறைக்கவா நான் பத்து மாதம் சுமந்தேன்? அவன் கழுத்து ஒடிய வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. அவனுக்கு இருபத்தாறு வயசுதானாம், ஜெயிலில் தையல் கற்றுக்கொண்டானாம், திருந்துவானாம். அவளுக்கு இருபது. அவளும்தான் தையல் கற்றுக்கொண்டிருந்தாள், பாதி தைத்த ஜாக்கெட் இன்னும் மெஷினில் ஊசி குத்தியபடியே இருக்கிறது. தப்பாகத் தூக்கில் போட்டுவிட்டால் திருப்பி எடுக்க முடியாதாம். எதைத்தான் சாமி திருப்பி எடுக்க முடிந்தது நமக்கு? நீ உன் தங்கச்சியை மண்ணுக்குள் இறக்கியதைப் போனில் பார்த்தாய். சிக்னல் கட்டாகிறது, கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிங்க என்று மயில்சாமியிடம் சொன்னாய், நம் காட்டில் வேலை செய்கிறவன், பாவம், குழிமேட்டில் நின்று உனக்காகத் தூக்கிப் பிடித்தான். நான் அந்தக் குழிக்குள்ளே நின்றேன். நீ அங்கே மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு தெருவில் நடந்த போட்டோ அனுப்பினாயே, குளிருக்கு நல்ல கோட்டு போட்டிருந்தாய், சந்தோஷம்.

உங்கப்பா ஏன் பேசுவதில்லை என்று போனில் ஓயாமல் கேட்கிறாய், அதையும் எழுதிவிடுகிறேன். அபிநயாவை அடக்கம் செய்த மறுநாளே ஒரு கறுப்புக் கெடாக்குட்டியை முனியப்பனுக்கு நேர்ந்துவிட்டேன், அவனுக்குத் தூக்கு என்று தீர்ப்பு வந்தால் வெட்டுகிறேன் என்று. மூன்று வருஷம் கையில் தழை கொடுத்து வளர்த்தேன், கொம்பு முறுக்கி இடுப்பு உயரம் வந்தது. தை மாதம் தீர்ப்பு வந்தது, மாசியில் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனோம். நாம் ஆட்டைக்கூட அதைக் கேட்டுத்தான் வெட்டுகிறோம், உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பை உதறித் துளுக்கினால்தான் சாமி உத்தரவு, துளுக்காவிட்டால் அரிவாளைத் தூக்கக் கூடாது. அன்றைக்கு அது துளுக்கவில்லை. ஒரு குடம் ஊற்றினார்கள், இரண்டு குடம் ஊற்றினார்கள். முதுகில் தண்ணீர் ஓட ஓட என்னையே பார்த்துக்கொண்டு கல்லாட்டம் நின்றது. வெயில் ஏறிவிட்டது, சமையல்காரர்கள் மசாலா அரைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், வந்த சனமெல்லாம் பசியில் வாயைப் பொத்திக்கொண்டு என்னமோ பேசுகிறது. பூசாரி குருமூர்த்தி வந்து, சாமிக்கு வேண்டாமாட்ட இருக்குதுங்க, ஊட்டுக்கே ஓட்டிக்கிட்டுப் போயிருங்க என்றான். உங்கப்பா கயிற்றைப் பிடித்து, அது ஒத்துக்கல புள்ள, உட்டுரு என்றார். நான் விடவில்லை. சொம்பில் தண்ணீர் மொண்டு, மாலையைச் சரி செய்வதுபோல் குனிந்து, அதன் காதுக்குள்ளே ஊற்றினேன். காதில் தண்ணீர் போனால் எந்த ஆடுதான் உதறாது? தலையிலிருந்து வால் வரைக்கும் உதறியது. சனம் குலவை போட்டது, அரிவாள் இறங்கியது. குருமூர்த்தி பார்த்தான், தட்டில் தட்சிணை விழுந்ததும் வேறு பக்கம் பார்த்தான். உங்கப்பா பார்த்தார். அன்றைக்கு அவர் இலையில் உட்காரவில்லை, அதற்கப்புறம் கறியும் தொடவில்லை, என்னிடம் வார்த்தையும் இல்லை. சோறு வேண்டும் என்றால் தட்டைத் தட்டுகிறார்.

அதோடு நான் விட்டேனா. கறியை டிபன் கேரியரில் நாலு அடுக்கு போட்டு ஆத்தூருக்கு உன் மாமன் வீட்டுக்கு மயில்சாமியிடம் கொடுத்தனுப்பினேன். மதனைப் பெற்ற பெருமாயியிடம், உங்க மகனுக்குத் தூக்குக் கெடச்சதுக்கு வெட்டுன கெடாக்கறிங்க, எங்கம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க என்று வார்த்தை பிசகாமல் சொல்லச் சொன்னேன், அவனும் வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சொல்லியிருக்கிறான். பெருமாயி கறியைக் கொட்டிவிட்டு, கேரியரைத் துலக்கித் துடைத்து, பாத்திரத்தை வெறுமனே அனுப்பக் கூடாது என்று அடி அடுக்கில் ஒரு கை கல்லுப்பு போட்டுத் திருப்பிக் கொடுத்தாளாம். என் அண்ணி, எனக்கு மூத்தவள், நான் சமைந்தபோது தண்ணீர் ஊற்றியவள் அவள். உப்பைச் சாக்கடையில் கொட்டினேன். வைகாசியில் உன் மாமன் சின்னராஜ் போய்ச் சேர்ந்தார். கூடப் பிறந்த அண்ணன், ஒரே அண்ணன், பிறந்தவள் கோடித்துணி போட வேண்டும் என்று பாடையை எடுக்காமல் மத்தியானம் வரைக்கும் வைத்திருந்தார்களாம். நான் போகவில்லை. அன்றைக்குக் காட்டில் களை வெட்டினேன், நன்றாக வெட்டினேன்.

இப்போது உன் கடைசி வரிக்கு வருகிறேன். கொலைக்கு ஒரு வாரம் முன்னால் மதன் நம் வீட்டுக்கு வந்து, எனக்குக் கெடைக்காட்டி அவ செத்தாலும் இன்னொருத்தனுக்குக் கெடையாது என்று சொல்லிவிட்டுப் போனான் என நான் கூண்டில் ஏறிச் சொன்னேன். நான்காம் சாட்சி சொன்னதை வைத்துத்தான் இது ஆத்திரத்தில் செய்தது இல்லை, முன்கூட்டியே முடிவு பண்ணிச் செய்தது என்று நீதிபதி எழுதினார், அதனால்தான் ஆயுள் தூக்கானது என்று தீர்ப்பைப் போனில் நீதான் எனக்குப் படித்துக் காட்டினாய். அம்மா, அவன் அப்படிச் சொன்னானா, என்மேல் சத்தியமாகச் சொல்லு என்று கேட்டிருக்கிறாய். உன்மேல் எதற்குச் சத்தியம், நேராகவே சொல்கிறேன்.

அவன் வந்தது நிஜம். அபிநயா பாவாடை கட்டிய நாளிலிருந்து, இவ எங்கண்ணன் மகனுக்குத்தான் என்று ஊரெல்லாம் சொன்னவள் நான், முறைப்பையன் என்று அவனும் அந்த நினைப்பிலேயே வளர்ந்தான். நம் கிழங்கு லோடு அத்தனையும் ஜவ்வரிசி போடும் சேகோ ஆலைக்கு ஏற்றி இறக்கியது அவன், உங்கப்பாவுக்குக் கல் ஆபரேஷன் செய்தபோது சேலத்தில் எட்டு நாள் பெஞ்சில் படுத்துக் கிடந்தது அவன். ஆனால் அவளுக்கு அவனைப் பிடிக்கவில்லை. எனக்கு வேண்டாம்மா, நீயே அவன்கிட்டச் சொல்லிரு என்று தை மாதமே என்னிடம் சொல்லிவிட்டாள். நான் சொன்னேனா? கிழங்கு ஏற்றி முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். சித்திரை வரைக்கும் அவனை மருமகனே மருமகனே என்று கூப்பிட்டு மூட்டை தூக்க வைத்தேன். கடைசி லோடு போன மறுநாள், ராசிபுரத்தில் வேறு இடம் பார்த்திருக்கிறது என்று அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் மிரட்டவில்லை மைதிலி. வாசப்படியில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டு, நான் என்னங்கத்த தப்புப் பண்ணுனேன், ஒருக்கா அபிகிட்டக் கேட்டுப் பாருங்க என்று அழுதான். பொழுதன்னைக்கும் அழுதான். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. காலை உதறிவிட்டு, எம்புள்ள செத்தாலும் உனக்குக் கெடையாது, எந்திரிச்சுப் போடா என்றேன். செத்தாலும் என்ற வார்த்தை அன்றைக்கு நம் வாசலில் விழுந்தது நிஜம். விழுந்தது என் வாயிலிருந்து.

அதனால் அவன் நல்லவன் ஆகிவிடுவானா? வேண்டாம் என்று சொன்ன வீட்டில் எல்லாம் பிணமா விழுகிறது? கத்தியைப் பிடித்தது அவன் கைதான், என் கை இல்லை. அபிநயா அவனுக்கு என்ன செய்தாள், ஒன்றும் செய்யவில்லை, பஸ்சுக்கு நின்றாள். அவன் சாக வேண்டியவன், இதை எழுதும்போதும் சொல்கிறேன், தூக்குத்தான் சரி. கோர்ட் அவனுக்கு ஆயுள் கொடுத்துவிடும்போல் இருந்தது, அதுவும் கெடாவாட்டம் துளுக்காமல் நின்றது, நான் காதில் தண்ணீர் ஊற்றினேன். அது தப்பு என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. ஆனால் தூங்கி எழுந்ததும் அந்தக் கெடா என்னையே பார்த்துக்கொண்டு நின்றதுதான் முதலில் ஞாபகம் வருகிறது, அபிநயா முகம் அதற்கப்புறம்தான் வருகிறது, பெற்றவளுக்கு இதைவிட என்ன வேண்டும்.

போனில் சொன்னால் காற்றோடு போய்விடும், கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கோர்ட்டில் செல்லும் என்று வக்கீல் ஒருவரிடம் வேறு யாருக்கோ கேட்பதுபோல் விசாரித்துக்கொண்டேன், இந்தக் கடிதத்துக்கு அதுதான் இன்னொரு காரணம். தூக்கு வாங்கிக் கொடுக்கப் பொய்ச் சாட்சி சொன்னால் சொன்னவளுக்கு ஆயுள் வரைக்கும் போகுமாம், அதையும் கேட்டுக்கொண்டேன். உன் வழவழப்புத் தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். இதில் போடுகிறேன். இதை அந்த வக்கீலம்மாவிடம் கொடுத்தால் அவன் கழுத்து தப்பும், அவன் இருக்கும் சேலம் ஜெயிலுக்கே என்னையும் கூட்டிப் போவார்கள். கிழித்து அடுப்பில் போட்டால் அவன் தொங்குவான், தொங்க விட்டது நான் மட்டும் இல்லை, நீயும்தான். யார் உயிரையும் யாரும் எடுக்கக் கூடாது என்று எனக்கு நாலு பக்கம் எழுதினாய் அல்லவா, ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு எழுதுவது சுலபம். இனிமேல் நீயும் பக்கத்தில்தான் இருக்கிறாய். எதைச் செய்தாலும் என்னிடம் கேட்காதே, செய்தபிறகும் சொல்லாதே. ஆவணி இருபது, மறந்துவிடாதே.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். நீ நூறு வயசு மஞ்சள் குங்குமத்தோடு இருக்க வேண்டும், உன் வயிறு என் வயிறுபோல் எரியக் கூடாது. பாப்பாவுக்கு என் முத்தம். தலைக்கு ஊற்றும்போது காதில் தண்ணீர் போகாமல் கையால் மறைத்துக்கொள்.

இப்படிக்கு உன் அம்மா,
மா. கந்தம்மாள்,
அரசுத் தரப்பு நான்காம் சாட்சி.