தாராவின் கழுத்தளவு தண்ணீர்

2023 டிசம்பர் 9, சனி

இடது கால் செருப்பு குளத்தோடு போய்விட்டது. சேற்றுக்குள் முழங்கை வரை கைவிட்டுத் துழாவியும் அகப்படவில்லை. ஆனால் படம் கிடைத்தது. ஊசிவால் வாத்து, ஆண், பக்கவாட்டில், கழுத்தின் வெள்ளைக் கோடு காதுப்பக்கம் ஏறுவது தெளிவாக. மூன்று மாரிகளாக இந்த ஒரு படத்துக்காகத்தான் ஆலம்பிட்டிக் குளக்கரையில் குந்தியிருக்கிறேன். நாற்பத்துநாலு வயதில் உனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டால் – சனிக்கிழமை காலையில் இல்லை.

மேர்சியும் வந்தாள். பிரதேச சபை அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை. அவளுடைய ஸ்கூட்டரில்தான் போனோம். மஞ்சள் சட்டை போட வேண்டாம், பறவைகள் வெருளும் என்று நேற்றே சொல்லியிருந்தேன். செம்மஞ்சளில் வந்து நின்றாள். "நீர் மஞ்சள் எண்டுதானே சொன்னனீர்."

நாமத்தலை வாத்துகளைக் காட்டினேன். "நெத்தியில சந்தனம். உங்கட கோயில் ஆக்கள். எங்கட சேர்ச் பக்கத்தில ஒருத்தரும் வரேல்லையோ?" என்றாள் மேர்சி. கறுப்புச் சிறகை விரித்துக்கொண்டு கட்டையில் நின்ற நீர்க்காகத்தைக் காட்டினேன். "அது சரி, சுவாமியார் நிக்கிறார்" என்று திருப்திப்பட்டாள்.

டிசம்பர் 10, ஞாயிறு

படத்தை ஊர் ஒன்றியத்தின் முகநூல் பக்கத்தில் போட்டேன். ஒன்றியம் என்றால் கனடா, லண்டன், பாரிஸ், பிறகு இங்கே மிச்சமிருக்கும் நாங்கள். கனடாக் கிளைக்கு என் அண்ணா சசிகரன்தான் தலைவர். கமராவும் அவர் அனுப்பியது, ஆகவே ஒரு கடமை மாதிரியும் இருந்தது.

"ஆலம்பிட்டிக் குளம், எங்கட ஊர்" என்று கீழே எழுதினேன். இடத்தை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்கள் முற்றத்துப் பூசணிக்காயைப் படம் எடுத்தாலும் ஊர்ப்பெயர் போடாமல் விடுவதில்லை.

டிசம்பர் 13, புதன்

அறுநூறு பேருக்குமேல் விரும்பியிருக்கிறார்கள். "இது எங்கட குளமோ, நம்பேலாமல் கிடக்கு." "நான் நீந்திப் பழகின இடம்." "கண் கலங்குது." பாரிஸிலிருந்து ஒருவர்: "கறிக்கு எப்பிடி?"

யோசித்துப் பார்த்தால் வாத்தைக் கவனித்தவர் அவர் ஒருவர்தான்.

டிசம்பர் 17, ஞாயிறு

அண்ணா தொலைபேசி எடுத்தார். மூன்று நாட்டுக் கிளைகளும் இணையத்தில் கூடி முடிவெடுத்துவிட்டார்களாம்.

"குளத்தைப் பத்தடி ஆழமாக்கிறம். சுத்திவரச் சுவர், நடைபாதை, இருக்கச் சீமெந்துக் கதிரை. நடுவில ரெண்டு அன்னம், வாயால தண்ணி பாயும். வாசலில அப்பாவின்ர பேர். ஆடியில அப்பாவின்ர பத்தாம் ஆண்டுத் திதிக்குத் திறக்கிறம்."

"சீமெந்து அன்னமோ அண்ணா?"

"ஓம். உன்ர படத்தைப் பாத்துத்தான் அந்த யோசினையே வந்தது."

"நல்லது அண்ணா" என்றேன்.

டிசம்பர் 18, திங்கள்

ஏன் நல்லது என்று சொன்னேன்? அண்ணா எது சொன்னாலும் நாற்பது வருடமாக இதையேதான் சொல்லி வருகிறேன். நான் யோசிக்குமுன் வாய் முந்திக்கொள்கிறது.

டிசம்பர் 23, சனி

பூவரசந் தடி ஒன்றை எடுத்துக்கொண்டு குளத்துக்குள் இறங்கினேன். ஊசிவால் வாத்து மூழ்கி இரை தேடும் சாதி இல்லை. தலைகீழாகி, வாலை வானத்துக்குக் காட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டி அடிச்சேற்றில் மேயும். கழுத்து எட்டுகிற ஆழம்தான் அதற்குக் குசினியும் சாப்பாட்டு மேசையும். அவை மேய்கிற மேற்குப் பக்கம் முழுக்க அளந்தேன். ஒன்றரைச் சாண், கூடினால் இரண்டு. பத்தடித் தண்ணீரில் அவை சும்மா மிதக்கலாம். மிதப்பதற்காக யாராவது சைபீரியாவிலிருந்து வருவார்களா? தோண்டினால் அடுத்த மாரிக்கு ஒன்றும் வராது. அவ்வளவுதான் விசயம்.

கமலாதேவி அக்கா மாடுகளோடு வந்தார். எட்டு மாடுகள் அவருக்கு. "என்ன பிள்ளை, குளத்துக்கு உடுப்புத் தைக்கவோ அளவெடுக்கிறாய்?"

சொன்னேன்.

"தோண்டட்டுமன். உன்ர தாரா மாரிக்கு வந்து பங்குனியில போயிடும். என்ர மாடு வைகாசியிலயும் குடிக்க வேணும்."

எங்கள் ஊரில் எல்லா வாத்தும் தாராதான். ஆனால் அவர் சொன்னது சரி. வைகாசியில் இந்தக் குளம் வெடித்துக் கிடக்கும். அவர் இரண்டு மைல் நடத்திப் போய்த்தான் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிறார். தடியோடு கரையேறினேன்.

டிசம்பர் 31, ஞாயிறு

அண்ணாவிடம் சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தார். "தாராவுக்கு அங்க இடமில்லாட்டிக் கனடாவுக்கு வரச் சொல்லு. இஞ்ச ஏரி சும்மா கிடக்கு." நான் திரும்பவும் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"படத்தைப் போட்டு எல்லாற்ற ஆசையையும் கிளப்பினது நீ. இப்ப அப்பாவின்ர பேரில ஒண்டு செய்ய வெளிக்கிட, மறிக்கிறதும் நீ."

வைத்துவிட்டார்.

உண்மைதானே. நான்தானே போட்டனான். ஆருக்குக் காட்ட? அதுகள் தங்கட பாட்டில வந்து, தங்கட பாட்டில திண்டுபோட்டுப் போயிருக்கும். எனக்கு ஏன் அந்த அறுநூறு பேர் வேண்டியிருந்தது?

2024 ஜனவரி 8, திங்கள்

அனுமதி கேட்டு ஒன்றியம் எழுதிய கடிதம் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டது. வரும் கடிதங்களைப் பதிந்து மேலே அனுப்புவது என் வேலை. மேர்சி எட்டிப் பார்த்தாள்.

"அடியில வையும். ஆவணி வரைக்கும் நித்திரை கொள்ளட்டும். திதி முடிஞ்சால் அவையின்ர சூடும் ஆறிடும்."

வைத்தேன். மூன்று கோப்புகளுக்கு அடியில்.

ஜனவரி 10, புதன்

எடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டு நாளும் அந்தக் கோப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எட்டு மாடுகள் என்னைத் திரும்பிப் பார்த்தன. கள்ளத்தனம் எனக்குச் சரிவராது, சாப்பாடு இறங்குவதில்லை.

அதோடு ஊரவளாக என் பெயரில் ஒரு கடிதமும் கொடுத்தேன். கிழக்கு மூலையை மட்டும் ஆழமாக்கினால் மாடுகளுக்குக் கோடைத் தண்ணீர் நிற்கும், மேற்குப் பக்கத்தைத் தொடவேண்டாம் என்று. ஆதாரத்துக்குப் படம்: பதினாலு வாத்துகள் மேய்கின்றன. செயலாளர் ஐயா மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "இதில தலை ஒண்டையும் காணேல்லையே பிள்ளை."

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். அண்ணா எடுக்கவில்லை.

பெப்ரவரி 9, வெள்ளி

குளக்கரையில் கூட்டம். செயலாளர் ஐயா, ஊரார் பத்துப் பன்னிரண்டு பேர், மேர்சியின் கைத்தொலைபேசிக்குள் கம்பளித் தொப்பியோடு அண்ணா. மேர்சி அவரைத் தூக்கிக்கொண்டு கரையெல்லாம் நடந்தாள். "இது கிழக்கு அண்ணை. இது மேற்கு. இது நான்."

அண்ணா பேசினார். சுவர், நடைபாதை, அன்னம், அப்பா. நன்றாகத்தான் பேசினார். பிறகு நான். எழுதி வைத்திருந்ததில் பாதிதான் வந்தது. கழுத்து எட்டும் ஆழம் என்ற இடத்தோடு தாளை மடித்து, அதாலேயே கண்ணைத் துடைத்தேன். எல்லோரும் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கமலாதேவி அக்கா மேர்சியிடமிருந்து தொலைபேசியைப் பறித்தார்.

"தம்பி சசிகரன், கொப்பர் ஆழ்வாப்பிள்ளையரை எனக்குத் தெரியும். கோடையில ஆரின்ர மாடு கத்தினாலும் தன்ர கிணத்தில அள்ளி வாத்த மனுசன். அந்தாள் அன்னத்தோட நிண்டதை நான் காணேல்லை. சுத்திவரச் சுவர் கட்டினால் என்ர மாடு என்ன, ஏணி வைச்சே இறங்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"தங்கச்சி சொன்ன மூலையைத் தோண்டு. கரையில ஒரு தண்ணித் தொட்டி கட்டு. பக்கத்தில ஆவுரோஞ்சிக்கல் நட்டு, அதில கொப்பற்ற பேரைப் போடு. ஒவ்வொரு நாளும் மாடு வந்து முதுகு தேய்க்கும். அன்னத்தில ஆர் தேய்க்கிறது?"

அண்ணா அசையவில்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று மேர்சி தொலைபேசியை வாங்கி உதறினாள். "நிக்கிறன், நிக்கிறன்" என்றது அண்ணாவின் குரல். "ஒன்றியத்தோட கதைக்க வேணும்."

மாடுகளைச் சாய்த்துக்கொண்டு போகும்போது அக்கா எனக்குச் சொன்னார்: "மேற்கால தோண்ட விடமாட்டன். நீ அழாத."

நான் அழவில்லை. கொஞ்சம்தான்.

மார்ச் 16, சனி

காலை முழுக்க இருந்தேன். ஒன்றும் இல்லை. போய்விட்டன. சொல்லிவிட்டுப் போகிற சாதி இல்லை.

ஜூலை 28, ஞாயிறு

ஒன்றியம் கடைசியில் அக்கா சொன்னதற்கே சம்மதித்தது. தொட்டி திறந்தாயிற்று. கிழக்கு மூலையைப் பெக்கோ இயந்திரம் இரண்டு நாளில் தோண்டிவிட்டது. தொட்டிக்குக் கைப்பம்பி, பக்கத்தில் இடுப்பளவு கல், அதில் அப்பாவின் பெயர். ஐயர் தேங்காய் உடைக்குமுன்னே கமலாதேவி அக்காவின் சிவலை மாடு வந்து தேய்த்துவிட்டது. "திதி முடிஞ்சுது" என்றாள் மேர்சி, என் காதுக்குள்.

அன்னம் ஒன்றிடமிருந்து மட்டும் தப்ப முடியவில்லை. பாரிஸ் கிளை ஏற்கெனவே செய்வித்துவிட்டதாம். புளியமரத்தடியில் வைத்திருக்கிறார்கள். அதன்மேல் காகம் இருக்கிறது.

அண்ணா வரவில்லை. குரற்பதிவு ஒன்று அனுப்பியிருந்தார், ஒலிபெருக்கியில் போட்டார்கள். எல்லோருக்கும் நன்றி சொன்னார். என் பெயர் அதில் இல்லை.

அள்ளிய மண் கரையில் பச்சைப் புண் மாதிரிக் கிடக்கிறது. மேற்குப் பக்கத்தை ஒருவரும் தொடவில்லை. ஆனாலும் இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு அவை இறங்குமா? தெரியவில்லை. ஐப்பசி வரை கேள்வியோடு இருக்க வேண்டியதுதான்.

நவம்பர் 28, வியாழன்

மூன்று நாளாகப் புயல் மழை. தெருவும் குளமும் ஒன்றாகிவிட்டன. அலுவலகம் இல்லை. குடையோடு போய்ப் பார்த்தேன்: மேற்குப் பக்கத்திலும் நெஞ்சளவு தண்ணீர். ஒரு வாத்துக்கூட இல்லை.

பின்னேரம் அண்ணா எடுத்தார். சண்டைக்குப் பிறகு அவராக எடுப்பது இதுதான் முதல் தடவை. வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று கேட்டார், கூரை ஒழுகுகிறதா என்று கேட்டார். பிறகு, "தாரா வந்திட்டுதோ?"

"இல்லை."

"ஆழம் கூடவோ?"

"ஓம்."

"வத்தட்டும்" என்றார்.

டிசம்பர் 22, ஞாயிறு

அண்ணா வியாழக்கிழமை வந்து இறங்கினார். நேற்றே கேட்டார், என்னையும் கூட்டிக்கொண்டு போவாயா என்று. ஐந்து மணிக்கு எழுப்பினேன். சிவப்புக் குளிர்ச்சட்டை. மேர்சியே பரவாயில்லை.

வெளிச்சம் வரும்போது மேற்குப் பக்கத்தில் அறுபது, எழுபது. ஊசிவால்தான். எல்லாம் வாலை மேலே காட்டிக்கொண்டு நின்றன. நான் கமராவைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தா நிக்குது" என்றார் அண்ணா. அவருடைய கூட்டக் குரலில்.

குளம் முழுக்க எழும்பியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, பிறகு கடற்பக்கம். ஒரு படமும் இல்லை.

"நான் கத்தினதாலயோ?"

"ஓம் அண்ணா."

"திரும்பி வருமோ?"

"வரும். ஒரு மணித்தியாலம் செல்லும். சிவப்பைக் கழட்டுங்கோ. அசையக் கூடாது. கதைக்கவும் கூடாது."

கழற்றினார். சுருட்டி அடியில் வைத்து, அதன்மேல் சேற்றில் இருந்தார். ஐம்பத்திரண்டு வயது, கனடாக் கிளைத் தலைவர். நுளம்பு கடித்தது, அடிக்கவில்லை. ஏழேகாலுக்கு முதலில் நான்கு இறங்கின. பிறகு ஒன்பது.

அப்போது சுருட்டிய சட்டைக்குள் கிடந்த அவருடைய தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. ஒன்றியத்து ஆட்களாகத்தான் இருக்கும். அண்ணா கையை அசைக்கவில்லை. அதன்மேல் இன்னும் கொஞ்சம் அழுத்தி இருந்தார்.