மேலே காலியாக இருந்த தாள்

சும்பெர்கெனிங்,
சனி இரவு

அன்புள்ள ரெட்னோவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுரபயாவில் நர்சிங் படிப்பு எப்படிப் போகிறது? இங்கே நாற்று நட்டாயிற்று. என் ஃபோன் வியாழக்கிழமையிலிருந்து அப்பாவிடம் இருக்கிறது, அதனால்தான் கடிதம். பக்கத்து அறையில் அவர் இருமுகிறார். இருமல் நின்றால் நானும் பேனாவை நிறுத்திவிடுகிறேன்.

உன் அம்மா உன்னிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டார். ஊர்க் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவரைப் பொய்க்காரி ஆக்கியது நான்தான்.

போன மாதக் கூட்டத்தில் வாசலில் நின்று தின்பண்டப் பெட்டி கொடுக்கும் வேலையை அப்பா எனக்குத் தந்தார். ஊர் அலுவலக எழுத்தரின் மகள், வேறு யார் செய்வார்கள்? ஆளுக்கு வாழையிலையில் சுற்றிய ஒட்டரிசி லெம்பர் ஒன்று, ஒரு பொரித்த டோஃபு, ஒரு பச்சை மிளகாய். பெட்டி வாங்குகிறவர் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். நம் ஊரில் யார்தான் தாளைப் பார்க்கிறார்கள்? தாளின் மேற்பகுதி காலியாக இருந்தது. அன்று சுதந்திர தின விளையாட்டுகளைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள்.

மறுநாள் அப்பா என்னை அலுவலகத்துக்கு வரச்சொல்லி, அதே தாளின் மேலே ஒரு வரி எழுதச் சொன்னார். நம் ஊர் ஊற்றை இருபத்தைந்து ஆண்டுகளுக்குத் தண்ணீர்க் கம்பெனிக்குக் குத்தகை விட நாங்கள் சம்மதிக்கிறோம் என்று. ஏன் நான் என்று கேட்டேன். "என் கையெழுத்து எல்லாருக்கும் தெரியும்மா. எழுதிடு, கேக்காத" என்றார். எழுதினேன்.

இந்த வியாழக்கிழமைக் கூட்டத்தில் தலைவர் ஹர்சோனோ அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். உன் அம்மா மட்டும் எழுந்தார்.

"தலைவரே, நான் லெம்பருக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். ஊத்துக்கு இல்ல."

"தின்னுட்டுப் போட்ட கையெழுத்த இப்ப வாந்தி எடுக்கறியா, துமினி?" என்றார் தலைவர். சிரித்தார்கள்.

"சிரிங்க. ஆனா இது ஊர்க் கூட்டம்தானே? ஊரே பேசலேன்னா யாரு பேசறது? கம்பெனிக்காரனா? தாள் மேல ஒண்ணுமே எழுதல. வாசல்ல நின்ன கினாசியக் கேளுங்க, அவ பொய் சொல்ல மாட்டா."

தலைவர் என்னைக் கேட்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதியிருந்தது" என்றேன்.

ரெட்னோ, உன் அம்மா என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "விடுங்க, சின்னப் பொண்ணு. அவள இழுத்தது என் தப்பு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். மறுநாள் கடையில் ஒருவன், "பெட்டி துமினி வர்றாங்க, கையெழுத்து வாங்கிக்கங்க" என்றான். நான் சோப்பு வாங்காமலே திரும்பிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வட்டார அதிகாரி வந்து குத்தகையில் முத்திரை வைக்கிறார். வைத்துவிட்டால் உங்கள் வயலுக்கும் எங்கள் வயலுக்கும் கம்பெனிக்காரர்கள் விட்டால்தான் தண்ணீர். அதற்கு முன் ஊரைக் கூட்டி, ஆட்சேபம் உண்டா என்று ஒருமுறை கேட்பார். நான் எழுந்து சொல்ல வேண்டும். சொன்னால் அப்பாவின் வேலை போய்விடும், அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பது என்றும் தெரியவில்லை. தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன். தலையணையில் வாயை வைத்துச் சொன்னால்கூடக் குரல் வரவில்லை.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இதை இப்போதே அம்மாவுக்கு அனுப்பாதே. என் வாயாலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வாய்ப்புக் கொடு. ஆனால் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நீ ஊருக்கு வா. அதிகாரி கேட்டு நான் எழாமல் உட்கார்ந்தே இருந்தால், என்னைப் பார்க்காதே, இரக்கப்படாதே. நீ எழுந்து இந்தக் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை உரக்க வாசி.

அல்லாஹ் உன் அம்மாவை நலமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
கினாசி, எழுத்தர் சுட்ரிஸ்னோவின் மகள்